பழைய தோஸ்த், கையில் பத்தாயிரம் ரூபாய்: எதை முதலில் செய்யலாம்?

முருங்கைக்காட்டான் (ஒட்டன்சத்திரம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் ஒரு பழைய தோஸ்த் (அசோக் லேலண்டின் சின்னச் சரக்கு வண்டி) வாங்கினேன். 2013 மாடல், எனக்கு முன்பு இரண்டு கை மாறியிருக்கிறது. என்ஜின் நன்றாக இருக்கிறது. மற்றபடி வயது தெரிகிறது: பாடியின் தரை அங்கங்கே துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிகிறது, முகப்பு விளக்கு மஞ்சளாக அழுது வடிகிறது, கயிறு கட்டும் கொக்கிகளில் மூன்று இல்லை.

எங்கள் தோட்டத்து முருங்கை, பக்கத்துத் தோட்டங்களின் தக்காளி, கத்தரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறேன். வாரம் இரண்டு முறை இரவில் பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி.

செலவுக்கு ஒதுக்கியிருப்பது பத்தாயிரம் ரூபாய். நான் போட்டு வைத்திருக்கும் திட்டம் இது. பாடித் தரை முழுவதும் மூன்று மில்லிமீட்டர் புள்ளித்தகடு, அதாவது புள்ளி புடைத்த இரும்புத் தகடு (வெல்டிங் பட்டறையில் கூலியோடு 9,500 கேட்கிறார்கள்). பணம் சேரச் சேர, முன்னால் ஒரு இரும்புக் கார்டு (இடி தாங்கும் தடுப்பு), எல்.இ.டி. பல்புகள், பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாக. நான் இதைச் சொன்னதும் அப்பா, "முதலில் ஒரு நல்ல தார்ப்பாய் வாங்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சொந்தமாகச் செய்துகொள்ளக்கூடிய வேலைகள் இருந்தால் சொல்லுங்கள். டிரில்லிங் மெஷின் இருக்கிறது, ஸ்பேனர் செட் இருக்கிறது, வெல்டிங் தெரியாது.

பன்னீர்த்திராட்சை (கம்பம்)

தம்பி, உங்கள் அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

என்னிடமும் தோஸ்த்தான். 2012இல் புதிதாக எடுத்தது. திராட்சையும் வாழையும் ஏற்றி ஏற்றி அதன் ஒவ்வொரு முனகலும் எனக்குப் பாடம். நீங்கள் இப்போது போட்டிருக்கும் திட்டத்தை 2014இல் நானும் போட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் புள்ளித்தகடு. மூன்று மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 25 கிலோ. நம் பாடி இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் அகலம். நான்கு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக நூறு கிலோ. வண்டியின் பாரம் ஒன்றேகால் டன். அதில் நூறு கிலோவை நீங்களே நிரந்தரமாக ஏற்றி வெல்டு வைத்துவிடுகிறீர்கள். இருபத்தைந்து கிலோ தக்காளிக் கிரேடு (பிளாஸ்டிக் பெட்டி) நான்கு! ஒரு கிரேடுக்கு முப்பது ரூபாய் வாடகை என்றாலும் நடைக்கு 120 ரூபாய். மாதம் இருபத்தைந்து நடை ஓடினால் மூவாயிரம். தகடு போட 9,500, தகடு போட்டதற்காக மாதாமாதம் மூவாயிரம். பட்டறைக்காரர் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்; அவருக்கு அது வேலை இல்லை.

வண்டியில் எதை மாட்டினாலும் நான் முதலில் கேட்பது அதன் எடை. விலையை அதற்குப் பிறகுதான் கேட்பேன்.

தரைக்கு நான் போட்டிருப்பது பழைய கன்வேயர் பெல்ட். ஆலைகளில் கழித்துப்போட்டதைப் பழைய இரும்புக் கடைகளில் வெட்டிக் கொடுப்பார்கள். ஆறு மில்லிமீட்டர் கனம் போதும்; மொத்தம் முப்பது கிலோ சொச்சம். பத்து மில்லிமீட்டர் பெல்ட் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், அது ஐம்பது கிலோவுக்குப் போய்விடும். பெல்ட்டின் மேல் கிரேடு வழுக்காது, சத்தமும் குறையும்.

ஆனால் இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பெல்ட்டை விரித்து ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு இரண்டு வருடம் மறந்துவிட்டேன். திராட்சைச் சாறும் மழைத்தண்ணீரும் அடியில் இறங்கி அங்கேயே குடியிருந்திருக்கின்றன. ஒருநாள் எடுத்துப் பார்த்தால் தரை அப்பளம் மாதிரி இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் அடுத்த பக்கம் சாலை தெரிந்தது. அதிலிருந்து போல்ட் கிடையாது. சும்மா விரித்திருக்கிறேன். அமாவாசைக்கு அமாவாசை வண்டி கழுவிப் பூசணிக்காய் சுற்றுகிறோம் அல்லவா, அன்றைக்குப் பெல்ட்டைச் சுருட்டி எடுத்து, தண்ணீர் வடியும் துளைகளை ஒரு கம்பியால் குத்திவிட்டு, தரை காய்ந்த பிறகுதான் மறுபடி விரிப்பேன். பூசணிக்காயை விட இதுதான் வண்டியைக் காப்பாற்றுகிறது என்று என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தரையில் துரு இப்போதே உரிகிறது என்கிறீர்கள். பெல்ட் போடுவதற்கு முன் கம்பிப் பிரஷ், உப்புத்தாள், பிறகு துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் இரண்டு பூச்சு. ஒருநாள் வேலை, நானூறு ரூபாய்க்குள் முடியும். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் அடித்த பெயின்ட்டும் துருவோடு சேர்ந்து உரிந்து வரும்.

தார்ப்பாய். கடையில் கேட்கும்போது நீள அகலத்தை மட்டும் கேட்காமல் ஜி.எஸ்.எம். கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அது. 120 என்பது கல்யாணப் பந்தலுக்கு. வண்டிக்கு 200க்குக் குறையாமல் வாங்குங்கள். பதினைந்துக்குப் பன்னிரண்டு அடி நம் பாடிக்குச் சரியாக இருக்கும், அடுக்கிய சரக்கின் உயரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேலே வளைவு வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் தார்ப்பாயில் குளம் கட்டும். இரும்பில் செய்யச் சொல்லி யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். ஒரு அங்குல பி.வி.சி. குழாய் மூன்று துண்டு போதும். பக்கப் பலகையின் உள்பக்கம் கிளாம்ப் போட்டு, ஒரு முனையைச் செருகி வளைத்து அடுத்த முனையை எதிர்ப்பக்கம் செருகினால் முடிந்தது. வேண்டாத நேரத்தில் கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிடலாம்.

தார்ப்பாயை இழுத்துக் கட்ட லாரி டியூப் ரப்பர். பஞ்சர் கடையில் கிழிந்த டியூப் ஒன்று கேட்டால் டீக்காசுக்குக் கொடுப்பார்கள். இரண்டு விரல் அகலத்துக்குச் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே வந்தால் ஒரே டியூப்பில் வருடத்துக்கு வேண்டிய பட்டை கிடைக்கும். காற்றில் தார்ப்பாய் படபடத்துக் கிழிவது இதில் நின்றுவிடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ரப்பர் தார்ப்பாய்க்குத்தான். சரக்கைக் கட்ட ரப்பரை நம்பினால் முதல் வளைவில் கிரேடு நடந்து போகும். சரக்குக்கு இரண்டு ராட்செட் பெல்ட் (கைப்பிடியால் நெம்பி இறுக்கும் பட்டை) வாங்குங்கள், ஒன்று 350 ரூபாய் அளவில் வரும். நைலான் கயிறு நனைந்தால் நீளும். பழனியில் இறுக்கிக் கட்டியது உடுமலையில் தொங்கும்.

விட்டுப்போன மூன்று கொக்கிகளை வெல்டு வைக்காமல் போல்ட்டில் மாட்டுங்கள், உள்பக்கம் அகலமான வாஷர் வைத்து. வெல்டு வைத்த இடத்தில் பெயின்ட் கருகித் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

கூடுதல் ஸ்பிரிங் பட்டை: வேண்டாம். பட்டை சேர்த்தால் வண்டி குனியாது, ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எடை கூடிவிடாது. பிரேக்கும் ஆக்சிலும் டயரும் பழையவைதானே? 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகபாரத்துக்கு அபராதம் இருபதாயிரம், மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம். முன்பக்க கார்டையும் மறந்துவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. உங்கள் வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டதால் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வண்டியைக் காட்ட வேண்டும், ஒவ்வொரு வருடமும் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பீர்களா?

கடைசியாக ஒன்று, இது இனாம். ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பலகைத் துண்டு ஒன்று வண்டியில் போட்டு வையுங்கள். உழுத காட்டில் டயர் பஞ்சரானால் ஜாக்கி மண்ணுக்குள் போகும், வண்டி மேலே வராது. அன்றைக்கு இந்தப் பலகை தங்கம்.

விளக்கைப் பற்றி நான் பேசினால் வயர் எரியும். தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ரிலேக்காரர் (கோவை)

விளக்கு என்றதும் வந்துவிட்டேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை, பதினெட்டு வருடம்.

எல்.இ.டி. பல்பு வாங்காதீர்கள். உங்கள் முகப்பு விளக்கின் கிண்ணம் ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்.இ.டி.யில் ஒளி வேறு இடத்திலிருந்து வருகிறது. வெளிச்சம் நிறைய இருப்பது போலத் தெரியும். பாதி எதிரே வருபவரின் கண்ணுக்கும் மரக்கிளைக்கும் போகும், சாலைக்கு மிச்சம்தான்.

நீங்கள் சொல்லும் மஞ்சள் அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை. பழைய வண்டியில் பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வரை போய், அங்கிருந்து மெல்லிய வயரில் திரும்பி விளக்குக்கு வருவதற்குள் பாதி வழியில் களைத்துவிடுகிறது. பல்புக்குப் போகும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். மீட்டர் இருந்தால், விளக்கு எரியும்போது பேட்டரியின் பிளஸ்ஸிலும் பல்பின் பிளஸ்ஸிலும் இரு முனைகளை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரில்தான் திருட்டு.

மருந்து ரிலே: சிறு மின்சாரத்தில் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச். எச்4 (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் இருக்கும் வகை) ரிலே வயரிங் செட் என்று கேட்டால் தருவார்கள். தனியாகச் செய்வதானால்: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு, 87இலிருந்து பல்புக்கு, பழைய விளக்கு வயர் 86க்கு, 85 எர்த். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. இனி ஸ்விட்ச் ரிலேயைக் கூப்பிடுவதோடு சரி, சுமப்பது புது வயர். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே வயர் உரசினால் கேட்பாரில்லை. சில வண்டிகளில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும், அதனால் இணைக்கும் முன் மீட்டரில் பாருங்கள்.

அதோடு 60/55 வாட் சாதாரண ஹாலஜன் புதிதாக ஒரு ஜோடி. 100/90 வாட் பல்பைக் காட்டி ஆசை காட்டுவார்கள். ஹோல்டர் உருகி என்னிடம்தான் கொண்டு வருவீர்கள்.

எஃப்.சி. பேச்சு வந்ததால்: ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். ஒட்டுவதற்கு முன் இடத்தைத் தின்னர் போட்டுத் துடைக்காவிட்டால் ஆடியில் ஒட்டியது ஐப்பசியில் விழும்.

நாற்றுப்பண்ணை (ஆனைமலை)

நான் குட்டி யானை (டாடா ஏஸ்) ஓட்டுகிறேன், தென்னங்கன்று ஏற்றுவதற்கு. கம்பம் அண்ணா தார்ப்பாயைப் பற்றி எழுதியது எல்லாம் மழைக்காலத்துக்குச் சரி. ஆனால் அவர் மறந்த ஒன்று இருக்கிறது. பங்குனி வெயிலில் முருங்கைக்காயைப் பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடிப் பாருங்கள், மார்க்கெட் போவதற்குள் அவியலுக்குத் தயாராகியிருக்கும்.

பகல் நடைக்கு நிழல்வலை. ஐம்பது சதவீத வலை, பச்சை. காற்று உள்ளே போகும், ஆனால் அறையாது. திறந்த வண்டியில் போகும் கன்றுகள் வெயிலில் வாடுவதை விடக் காற்றில் காய்வதுதான் அதிகம் என்பதை நான் இரண்டு லோடு தொலைத்துத்தான் கற்றுக்கொண்டேன். கத்தரிக்கும் கீரைக்கும் இது பொருந்தும். அதே பி.வி.சி. வளைவின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரிந்துகொண்டே போகும்.

இன்னொன்று, ஆண்கள் யாரும் சொல்லாதது. எனக்கு லோடுமேன் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. ஆறடி நீளத்தில் இரண்டு பலகை வைத்திருக்கிறேன், தள்ளுவண்டியை மேலே ஏற்ற. பலகையின் ஒரு முனையில் இரும்புப் பட்டையை வளைத்து போல்ட் போட்டிருக்கிறேன். அது பாடியின் விளிம்பில் கொக்கி போல உட்காரும். கொக்கி இல்லாத வெறும் பலகை ஒருமுறை நழுவி என் முழங்காலில் இறங்கியது, இன்றும் மழைக்கு முன் தகவல் சொல்கிறது.

பின்கதவுச் சங்கிலி கடகடவென்று உயிரை வாங்குகிறதா? தோட்டத்துப் பழைய ஹோஸ் குழாயை ஒரு முழம் வெட்டி உள்ளே கோத்துவிடுங்கள். செலவு இல்லை. ஊர் நாய்கள் விழிப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

முருங்கைக்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. புள்ளித்தகடு கைவிடப்பட்டது. அந்த நூறு கிலோ கணக்கை அப்பாவிடம் காட்டினேன், அவர் படிக்காமலேயே தலையாட்டினார்.

ஒரு சந்தேகம். தோட்டத்தில் ஏற்றும்போது இருட்டிவிடுகிறது. பாடிக்குள் விளக்கு ஒன்று போட்டால், வயரை நேராகப் பேட்டரியில் கொடுக்கலாமா?

பன்னீர்த்திராட்சை

கொடுக்கலாம், நான் கொடுத்தேன். சின்னமனூரில் சரக்கு இறக்கிவிட்டு விளக்கை அணைக்க மறந்து வண்டியிலேயே தூங்கினேன். விடியற்காலை நான்கு மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். வாழை மண்டி ஆட்கள் ஆறு பேர் தள்ளினார்கள், ஆறு பேரும் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்.

ரிலேக்காரர்

பார்க் விளக்கு எரியும்போது மட்டும் உயிர் பெறும் வயரிலிருந்து எடுங்கள், நடுவில் ஒரு ஸ்விட்சும் மூன்று ஆம்பியர் ஃபியூஸும். இரண்டடி எல்.இ.டி. பட்டை போதும். பார்க் விளக்கை அணைத்தால் இதுவும் அணையும். கேபினில் மீட்டர் விளக்கு எரிந்துகொண்டிருப்பதே உங்களுக்கு நினைவூட்டும்.

முருங்கைக்காட்டான் (மூன்று வாரம் கழித்து)

வேலை முடிந்தது. கணக்கையும் எழுதிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

கன்வேயர் பெல்ட் திண்டுக்கல்லில் பழைய இரும்புக் கடையில் 1,600க்குக் கிடைத்தது. அதைச் சுமந்து வந்து விரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. ரெட் ஆக்சைடு, பிரஷ், உப்புத்தாள் 350. துருவைச் சுரண்டிய இரண்டு நாள் தோள்வலியை இதில் சேர்க்கவில்லை (ஒருநாள் வேலை என்று எழுதிய அண்ணன் வந்து செய்து காட்டட்டும்). 200 ஜி.எஸ்.எம். தார்ப்பாய் 1,450. பி.வி.சி. குழாயும் கிளாம்பும் 420. டியூப்புக்கு நூறு ரூபாய் வாங்கிவிட்டார், எங்கள் ஊரில் டீ விலை அப்படி. ராட்செட் பெல்ட் இரண்டு 700. ரிலே செட்டும் பல்பும் 950. இணைப்பதற்கு மட்டும் பயந்துகொண்டு ஒரு எலக்ட்ரீஷியனிடம் 300 கொடுத்தேன். அவர் மீட்டர் வைத்துப் பார்த்தபோது பழைய வயரில் இரண்டு வோல்ட் காணாமல் போயிருந்தது. ஒளிரும் ஸ்டிக்கர் 600, நிழல்வலை 500, பாடி விளக்கு 280. டயர் காற்று பார்க்கும் கேஜ் 350; இதை யாரும் சொல்லவில்லை, நானாக வாங்கினேன். காலையில் வண்டி எடுக்கும் முன் பார்த்தால் பின் டயர்கள் இரண்டுக்கும் எட்டு பவுண்டு வித்தியாசம். கொக்கிகள் பழைய வண்டி ஒன்றிலிருந்து இனாமாக வந்தன. மொத்தம் 7,600. மீதியை ஸ்டெப்னி டயருக்கு வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய் இரவு பொள்ளாச்சி போனேன். சாலையோர வெள்ளைக்கோடு இருப்பதே இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

இப்போது ஒரே ஒரு பிரச்சினை. தார்ப்பாய் வண்டியில் இல்லை. அப்பா அதன் மேல் மக்காச்சோளம் காயப்போட்டிருக்கிறார். கேட்டால், "வாங்கச் சொன்னதே நான்தானே" என்கிறார்.

பன்னீர்த்திராட்சை

காயப்போட 120 ஜி.எஸ்.எம். போதும். ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு உங்களுடையதை மழைக்கு முன் மீட்டுவிடுங்கள். மக்காச்சோளத்தை அள்ளும்போது மண்வெட்டி வைக்கவேண்டாம் என்று மட்டும் இன்றே சொல்லி வையுங்கள்.